முறுக்குக்கும் ரோஸ்மேரி, முடிக்கும் ரோஸ்மேரி: 'நேச்சுரல் ஆன்டி ஆக்ஸிடன்ட்' யாருக்காக வேலை செய்கிறது?

மதுரை வில்லாபுரத்தில் இருந்து ஒரு பார்சல் முறுக்கு பெங்களூருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வந்த அன்றே பிரித்தால் எள்ளும் ஓமமும் சேர்ந்த மணம். அதே பாக்கெட்டை ஆபீஸ் டிராயரில் போட்டு மறந்துவிட்டு ஒன்றரை மாதம் கழித்துப் பிரித்தால்? மொறுமொறுப்பு அப்படியே இருக்கலாம். பூஞ்சை எதுவும் இருக்காது. ஆனால் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனதும் முகம் சுளிக்கும். பழைய எண்ணெய் டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு வாடை. வீட்டில் பெரியவர்கள் இதைச் 'சிக்கு வாடை' என்பார்கள். நாக்கில் பட்டால் காறல்.

வில்லாபுரம், ஜெய்ஹிந்த்புரம், அனுப்பானடி, சிந்தாமணி என்று தெற்கு மதுரை பக்கம் அப்பளமும் முறுக்கும் வீட்டுத் தொழில். சுட்டது நாலைந்து நாளில் டீக்கடை பாட்டிலிலேயே காலியாகும் வரை இந்த வாடை பெரிய பிரச்சினையாக இருந்ததில்லை. இப்போது வாட்ஸ்அப் ஆர்டர், இன்ஸ்டாகிராம் பேஜ், கூரியர் என்று வியாபாரம் மாறிவிட்டது. வாங்குபவர் கேட்பது இரண்டே கேள்வி. "எத்தனை நாள் தாங்கும்?" "பிரிசர்வேட்டிவ் போட்டிருக்கா?" முதல் கேள்விக்குப் பெரிய நம்பர் வேண்டும். இரண்டாவதுக்கு 'இல்லவே இல்லை' என்ற பதில் வேண்டும்.

இந்த இரண்டு ஆசைக்கும் நடுவில்தான் ரோஸ்மேரி எக்ஸ்ட்ராக்ட் நுழைகிறது. சிப்ஸ் பாக்கெட், மீன் எண்ணெய் மாத்திரை, லிப் பாம், ஃபேஸ் சீரம் என்று அது இல்லாத இடம் குறைவு. 'நேச்சுரல் ஆன்டி ஆக்ஸிடன்ட்' என்று லேபிளில் பார்த்ததும், 'பரவாயில்லையே, உடம்புக்கு நல்லது' என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் சின்னக் குழப்பம். அந்த ஆன்டி ஆக்ஸிடன்ட் உங்களுக்காக வேலை செய்வதில்லை. பாக்கெட்டில் இருக்கும் எண்ணெய்க்காக வேலை செய்கிறது.

சிக்கு வாடை எங்கிருந்து வருகிறது?

முறுக்கின் எடையில் கணிசமான பங்கு எண்ணெய். எண்ணெய் என்பது நீளமான கொழுப்பு அமிலச் சங்கிலிகள். சில எண்ணெய்களில் இந்தச் சங்கிலிகளில் பலவீனமான இடங்கள் அதிகம். சூரியகாந்தி எண்ணெயில் நிறைய, பாமாயிலில் குறைவு, தேங்காய் எண்ணெயில் ரொம்பக் குறைவு. காற்றில் இருக்கும் ஆக்ஸிஜன் கை வைப்பது அந்தப் பலவீனமான இடத்தில்தான்.

ஒரு இடத்தில் உடைந்தால் அதோடு நிற்பதில்லை. உடைந்த மூலக்கூறு 'ஃப்ரீ ராடிக்கல்' ஆகி, பக்கத்தில் இருப்பதில் இருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கும். பிடுங்கப்பட்டது அடுத்ததிடம் பிடுங்கும். தீபாவளி சரவெடியில் ஒரு திரி அடுத்த திரியைப் பற்றவைப்பது மாதிரி. ஆரம்பத்தில் உருவாகும் பெராக்ஸைடுகளுக்கு வாடை கிடையாது. அதனால் முதல் சில வாரம் எதுவும் நடக்காதது போலவே தெரியும். பிறகு அவை சிதைந்து ஹெக்ஸனால் போன்ற சின்ன மூலக்கூறுகளாகும்போதுதான் மூக்குக்கு விஷயம் தெரிகிறது. அதாவது நீங்கள் வாடை பிடிக்கும் நேரத்தில் வேலை ரொம்ப தூரம் நடந்து முடிந்திருக்கும்.

இதை வேகப்படுத்துவது நாலு விஷயம்: சூடு, வெளிச்சம், காற்று, உலோகம். வெப்பம் 10 டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது உணவுத் துறையில் பழைய கணக்கு. மதுரையின் மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே அடுக்கிய பாக்கெட்டுக்கும், ஊட்டியில் இருக்கும் பாக்கெட்டுக்கும் ஒரே 'பெஸ்ட் பிஃபோர்' தேதி போடுவது எவ்வளவு சரி என்று யோசித்துக்கொள்ளலாம். இரும்பு, தாமிரம் இரண்டும் இந்த வினையைத் தூண்டிவிடும். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் எண்ணெயை வைக்காதே என்று பாட்டி சொன்னதற்குப் பின்னால் இதுவும் உண்டு.

பெரிய கம்பெனி சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருப்பதைக் கிண்டல் செய்யாத மீம் பேஜ் இல்லை. உள்ளே இருப்பது சாதாரணக் காற்று இல்லை, நைட்ரஜன். ஆக்ஸிஜனை வெளியே தள்ளிவிட்டு, வெளிச்சம் போகாத உலோகப் பூச்சு கவரில் அடைக்கிறார்கள். வில்லாபுரத்து வீட்டில் இருப்பது கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கவரும், மெழுகுவர்த்தியும், இல்லையென்றால் சின்ன சீலிங் மெஷினும். ரோஸ்மேரி பற்றிப் பேசுவதற்கு முன்பே போட்டி சமமாக இல்லை.

லேபிளில் இருக்கும் '319' என்ன?

சரவெடியின் நடுவில் ஒரு திரியை நனைத்துவிட்டால் என்ன ஆகும்? அதுதான் ஆன்டி ஆக்ஸிடன்ட். தன்னிடம் இருக்கும் ஹைட்ரஜனை அது தானாகவே கொடுத்துவிடும். சங்கிலி அதோடு நிற்கும். கொடுத்த பிறகும் அது பெரிதாகக் கொந்தளிக்காமல் அமைதியாக இருக்கும். ஆனால் தன்னைக் கரைத்துக்கொண்டுதான் இதைச் செய்கிறது. இருப்பு தீர்ந்ததும் வெடி மறுபடி தொடரும்.

உணவுத் தொழிலில் பல பத்தாண்டுகளாக இந்த வேலையைச் செய்பவை செயற்கைப் பொருட்கள். பாக்கெட்டின் பின்பக்கம் ஐஎன்எஸ் 319 என்றிருந்தால் அது டிபிஹெச்க்யூ. 320 என்றால் பிஹெச்ஏ. 321 என்றால் பிஹெச்டி. ஐஎன்எஸ் 392 என்றால் ரோஸ்மேரி எக்ஸ்ட்ராக்ட். ஐரோப்பாவில் இருந்து வந்த பாக்கெட் என்றால் இ392.

319 விஷமா? வாட்ஸ்அப் ஃபார்வர்டுகள் சொல்லும் அளவுக்கு இல்லை. ஜப்பான் அதை அனுமதிக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் அனுமதித்தது. இந்தியாவில் சமையல் எண்ணெயில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் வரை சேர்க்கலாம். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, தினமும் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.7 மில்லிகிராம் வரை பிரச்சினை இல்லை என்கிறது. 60 கிலோ எடை உள்ளவருக்கு 42 மில்லிகிராம். பிஹெச்ஏ கதை கொஞ்சம் வேறு. எலிகளின் முன்வயிற்றில் கட்டி வந்ததால், சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் அதை 'மனிதருக்குப் புற்றுநோய் தரச் சாத்தியம் உள்ளது' என்ற 2பி பட்டியலில் வைத்தது. மனிதருக்கு அந்த முன்வயிறே இல்லை என்ற விவாதமும் கூடவே நடக்கிறது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. சட்டப்படி 'பிரிசர்வேட்டிவ்' ஒரு வகை, 'ஆன்டி ஆக்ஸிடன்ட்' வேறு வகை. முதலாவது கிருமியையும் பூஞ்சையையும் தடுக்க. இரண்டாவது எண்ணெய் காறாமல் இருக்க. 'நோ பிரிசர்வேட்டிவ்ஸ்' என்று பெரிய எழுத்தில் போட்ட பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் 319 இருந்தால் அது பொய் இல்லை. வார்த்தை விளையாட்டு, அவ்வளவுதான்.

இன்னொன்று, வீட்டில் முறுக்கு சுடுபவருக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. கடையில் வாங்கும் பல ரீஃபைண்ட் ஆயில் டின்களிலும் பாக்கெட்டுகளிலும் 319 ஏற்கெனவே கலந்தே வருகிறது. டின் மேலேயே எழுதியிருக்கும். அதில் சுட்ட முறுக்கை 'எந்தக் கெமிக்கலும் சேர்க்காதது' என்று இன்ஸ்டாகிராமில் போடும் அக்கா பொய் சொல்வதாக நினைக்கவில்லை. அவர் சேர்க்கவில்லைதான். டின்னில் அது முன்பே இருந்தது.

ரோஸ்மேரி எப்படி உள்ளே வந்தது?

ரோஸ்மேரி மத்திய தரைக்கடல் பகுதிச் செடி. லத்தீன் பெயருக்கு 'கடலின் பனித்துளி' என்று அர்த்தம் சொல்வார்கள். துளசி, புதினா, கற்பூரவல்லி எல்லாம் எந்தக் குடும்பமோ அதே குடும்பம்தான் இதுவும். தமிழ்நாட்டில் இது நீலகிரியின் பயிர். ஊட்டி தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் 'ஊட்டி 1' என்ற ரகத்தையே தந்திருக்கிறது.

1952-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஹார்மெல் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த சிபால்ட் குழுவினர், 30-க்கும் மேற்பட்ட மசாலாப் பொருட்களைப் பன்றிக் கொழுப்பில் கலந்து எது காறலை அதிகம் தடுக்கிறது என்று பார்த்தார்கள். ரோஸ்மேரியும் அதன் சொந்தக்காரச் செடியான சேஜும் முன்னால் நின்றன. ஆனால் உடனே யாரும் அதைப் பயன்படுத்திவிடவில்லை. காரணம் ரொம்ப சிம்பிள்: ரோஸ்மேரி கலந்தால் எல்லாமே ரோஸ்மேரி வாசம் அடிக்கும், பச்சை நிறமும் ஏறும். முறுக்கில் யூகலிப்டஸ் வாசம் வந்தால் யார் சாப்பிடுவது? 1977-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் சாங் குழுவினர், வாசத்தையும் நிறத்தையும் சுவையையும் நீக்கிவிட்டு காக்கும் பொருளை மட்டும் தனியே எடுக்கும் முறையை வெளியிட்டார்கள். தொழில் சூடுபிடித்தது அதன் பிறகுதான்.

2010-ல் ஐரோப்பிய ஒன்றியம் இ392 என்ற எண்ணைக் கொடுத்து முறையான அனுமதி தந்தது. இன்று இதைத் தயாரிக்கும் நிறுவனங்களில் ஒன்று மதுரையில் இருந்து ஒரு ராத்திரி பஸ் தூரத்தில் இருக்கிறது. கேரளத்தின் அங்கமாலியில் உள்ள மானே கான்கோர், 'ஆக்ஸிகான்' என்ற பெயரில் ரோஸ்மேரி சார்ந்த ஆன்டி ஆக்ஸிடன்ட்களை விற்கிறது. மிளகு, மிளகாய், மஞ்சளில் இருந்து சத்தை உறிஞ்சி எடுக்கும் ஒலியோரெசின் தொழில் கேரளத்தில் ஏற்கெனவே பெரிது என்பதால் இதில் ஆச்சரியம் இல்லை.

எண்ணெய் வேறு, எக்ஸ்ட்ராக்ட் வேறு

அதிகம் பேர் பணத்தை விடுவது இங்கேதான். ஆன்லைனில் 'ரோஸ்மேரி' என்று தேடினால் சின்ன பாட்டிலில் 'ரோஸ்மேரி எசென்ஷியல் ஆயில்' வரும். முறுக்குக்கும் முகத்துக்கும் இதைத்தான் சேர்க்க வேண்டும் போல என்று வாங்கிவிடுகிறார்கள். இரண்டும் ஒரே இலையில் இருந்து வந்தாலும் இரண்டும் கிட்டத்தட்ட எதிரெதிர் பொருட்கள்.

இலையை ஆவியில் வைத்தால் ஆவியோடு சேர்ந்து பறந்து வருவதுதான் எசென்ஷியல் ஆயில். சினியோல், கற்பூரம், பைனீன் மாதிரி மணம் தரும் லேசான பொருட்கள். காறலைத் தடுக்கும் நிஜமான ஆள் வேறு. அதன் பெயர் கார்னோசிக் அமிலம். அது கனமானது, ஆவியோடு பறக்காது. எண்ணெய் வடித்த பிறகு தூக்கிப்போடும் சக்கையிலேயே அது தங்கிவிடும். எனவே நல்ல மணம் வீசும் அந்த பாட்டிலில் மணம் இருக்கும், காவல்காரர் இருக்க மாட்டார்.

எக்ஸ்ட்ராக்ட் தயாரிக்க, காய்ந்த இலையை அசிட்டோன், எத்தனால், ஹெக்ஸேன் போன்ற கரைப்பானிலோ, அழுத்தம் கொடுத்த கார்பன் டை ஆக்ஸைடிலோ ஊறவைத்து கார்னோசிக் அமிலத்தை இழுக்கிறார்கள். பிறகு கரைப்பானை ஆவியாக்கி, மணத்தை நீக்கி, எண்ணெயில் கரையும் பசை போலவோ பொடியாகவோ தருகிறார்கள். ஐரோப்பிய விதிப்படி இதில் கார்னோசிக் அமிலமும் அதன் உறவுப் பொருளான கார்னோசாலும் சேர்ந்து, மணம் தரும் பொருட்களைப் போல் குறைந்தது 15 மடங்கு இருக்க வேண்டும். வாசம் அடித்தால் அது நல்ல எக்ஸ்ட்ராக்ட் இல்லை என்பதே கிட்டத்தட்ட சட்டம். 'இயற்கை' என்ற சொல்லுக்குப் பின்னால் அசிட்டோனும் ஹெக்ஸேனும் இருப்பது சிலருக்கு அதிர்ச்சியாக இருக்கலாம். மிச்சம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு என்பதால் பயப்பட வேண்டாம். ஆனால் அம்மியில் அரைத்து எடுத்தது போன்ற படத்தை பாக்கெட்டில் போடுவதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம்.

கார்னோசிக் அமிலத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்துவிட்டு அது வீணாகப் போவதில்லை. கார்னோசாலாக மாறும், பிறகு ரோஸ்மனாலாக மாறும். அவையும் காறலைத் தடுக்கும். ஒரே ஆள் மூன்று ஷிஃப்ட் பார்ப்பது மாதிரி. பிஹெச்ஏ, பிஹெச்டி இரண்டும் எண்ணெய்ச் சட்டியின் சூட்டில் கணிசமாக ஆவியாகிப் போய்விடும் என்பதால், பொரிக்கும் உணவில் ரோஸ்மேரிக்கு மதிப்பு.

இதே இலையில் ரோஸ்மரினிக் அமிலம் என்று இன்னொன்றும் இருக்கிறது. அது தண்ணீரில் கரையும் ஜாதி. ரீல்ஸில் இலையைக் கொதிக்கவைத்து ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றும் 'ரோஸ்மேரி வாட்டர்'-ல் வருவது பெரும்பாலும் இதுதான். எண்ணெயைக் காக்க இது அவ்வளவாக உதவாது.

நம்ம ஊரில் இதற்கு முன்பு என்ன செய்தார்கள்?

ரோஸ்மேரி வராத காலத்திலும் எண்ணெய் காறத்தான் செய்தது. பலகாரம் கெடாமல் இருக்க வழியும் இருந்தது.

நல்லெண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் கொழுப்பு அமிலங்களைப் பார்த்தால் சீக்கிரம் காற வேண்டிய எண்ணெய். ஆனால் காறுவதில்லை, ஊறுகாய் மேல் மாதக்கணக்கில் நிற்கிறது. காரணம் எள்ளிலேயே இருக்கும் செசமின், செசமோலின் என்ற பொருட்கள். எள்ளை வறுக்கும்போதும் எண்ணெய் சூடாகும்போதும் செசமோலின் உடைந்து செசமால் உருவாகும். அது வலுவான ஆன்டி ஆக்ஸிடன்ட். அதாவது கடையில் எக்ஸ்ட்ராக்ட் வாங்கிச் சேர்க்கும் வேலையை எள்ளு தானே பார்த்துக்கொள்கிறது. தவிட்டு எண்ணெயில் ஒரைசனால், பல தாவர எண்ணெய்களில் வைட்டமின் ஈ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல் உண்டு. ரீஃபைன் செய்யும்போது அந்தக் காவலில் ஒரு பங்கு போய்விடும், பிறகு வெளியில் இருந்து 319 சேர்க்கப்படும். கொஞ்சம் வேடிக்கையான சுற்றுதான்.

வெண்ணெய் உருக்கும்போது முருங்கைக்கீரையோ கறிவேப்பிலையோ போடும் வழக்கம் தென்மாவட்டங்களில் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. மணத்துக்கு என்றுதான் சொல்வார்கள். 1979-ல் படேல், ராஜோரியா இருவரும் கறிவேப்பிலையும் வெற்றிலையும் நெய் காறுவதைத் தடுக்கின்றன என்று ஆய்வு முடிவு வெளியிட்டார்கள். அப்படிப் பார்த்தால் ரோஸ்மேரி செய்வது புது மாயம் இல்லை. இலையில் இருப்பதைக் கொழுப்பில் இறக்குவது பழைய வேலை. ரோஸ்மேரிக்குக் கிடைத்தது அளவு, தரம், சட்ட எண், மார்க்கெட்டிங்.

15 கிலோ டின்னுக்கு எவ்வளவு?

கணக்குப் போட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஐரோப்பிய விதியில் பொரிக்கும் எண்ணெய்க்கு உச்ச வரம்பு, கிலோவுக்கு 50 மில்லிகிராம் (கார்னோசிக் அமிலமும் கார்னோசாலும் சேர்த்து). நம்ம ஊர் 15 கிலோ எண்ணெய் டின்னுக்கு 750 மில்லிகிராம். 5 சதவீத வீரியம் உள்ள எக்ஸ்ட்ராக்ட் என்றால் 15 கிராம் போதும். மூன்று டீஸ்பூன் அளவு. அதே டின்னுக்கு இந்தியாவின் 319 உச்ச வரம்பு 3 கிராம். இந்த அளவுகளை வீட்டுத் தராசில், கண் மதிப்பில் போட முடியாது. எண்ணெய் முழுக்கச் சமமாகக் கலக்கவும் வேண்டும்.

இப்போது சாப்பிடுபவர் பக்கம். 100 கிராம் முறுக்கில் 25 கிராம் எண்ணெய் இருப்பதாக வைத்துக்கொண்டால், அதில் வரும் ரோஸ்மேரிப் பொருள் அதிகபட்சம் 1.25 மில்லிகிராம். 2016-ல் அதே சர்வதேச நிபுணர் குழு ரோஸ்மேரிக்குத் தற்காலிகமாக வைத்த தினசரி வரம்பு, உடல் எடை கிலோவுக்கு 0.3 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 18 மில்லிகிராம். ஆக, கெடுதல் வருமோ என்று பயப்படத் தேவையில்லை. அதே மூச்சில், இந்த 1.25 மில்லிகிராமுக்காக முறுக்கு ஹெல்த்தி ஸ்நாக்ஸ் ஆகிவிடாது. சட்டியில் இருந்து வந்த 25 கிராம் எண்ணெய் அங்கேயேதான் இருக்கிறது. 319 போட்ட எண்ணெய் என்றாலும் இதே கணக்குதான்: அதே 25 கிராமில் அதிகபட்சம் 5 மில்லிகிராம், வரம்போ 42.

அப்படியென்றால் வில்லாபுரத்து முறுக்குக்கு எக்ஸ்ட்ராக்ட் வேண்டுமா? அது எதைச் செய்யாது என்று தெரிந்தால் பதில் தானாக வரும். காறிப்போன எண்ணெயை அது மீட்டுத் தராது, புது எண்ணெயில் ஆரம்பத்திலேயே சேர்த்தால்தான் பலன். பூஞ்சையைத் தடுக்காது. முறுக்கு நமுத்துப்போவதையும் தடுக்காது, அது ஈரப்பதத்தின் வேலை. முந்தாநாள் எண்ணெயில் இன்று மறுபடி சுட்டால் எத்தனை ரோஸ்மேரி போட்டாலும் வீண். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் 'போலார்' பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலையில் இருந்தே விதி வைத்திருக்கிறது. பழைய எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்கும் 'ரூக்கோ' திட்டமும் அதே ஆண்டில் வந்தது.

சின்ன அளவில் தொழில் செய்பவருக்கு முதலில் பலன் தருவது கவர்தான். வெளிச்சம் போகாத, காற்றுப் புகாத பவுச், நன்றாக ஆறிய பிறகு பேக்கிங், புது எண்ணெய், நிழலான இடம். செலவு கொஞ்சம் கூடும், ஆனால் அது ரோஸ்மேரி பாட்டில் விலையை விடப் புத்திசாலித்தனமான செலவு. அதன் பிறகும் எக்ஸ்ட்ராக்ட் சேர்க்க ஆசை என்றால், தன் உணவு வகைக்கு அனுமதிக்கப்பட்ட சேர்க்கைப் பட்டியலில் அது எந்த அளவில் இருக்கிறது என்று மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, லேபிளில் எழுதிவிட்டுச் செய்ய வேண்டும். சும்மா 'நேச்சுரல் முறுக்கு' என்று போடுவதும் சிக்கல். 2018-ம் ஆண்டு விளம்பர விதிகளின்படி, பல பொருட்கள் கலந்து செய்த உணவை 'நேச்சுரல்' என்று அழைக்கக் கூடாது. எல்லாச் சேர்மானமும் இயற்கையானதாக இருந்தால் 'இயற்கையான பொருட்களால் செய்தது' என்று மட்டும் சொல்லலாம்.

கிரீம், சீரம், முடி

முகத்துக்குப் போடும் பொருளிலும் கதை அதேதான். ஃபேஸ் ஆயில், லிப் பாம், மாய்ஸ்சரைசர் எல்லாவற்றிலும் எண்ணெய் இருக்கிறது, அதுவும் காறும். பழைய லிப்ஸ்டிக்கில் வரும் கிரேயான் வாடை ஞாபகம் இருக்கிறதா? அதைத் தள்ளிப்போடத்தான் ரோஸ்மேரி இலை எக்ஸ்ட்ராக்ட். சேர்மானப் பட்டியலில் பெரும்பாலும் கடைசிப் பக்கம் ஒளிந்திருக்கும். எது அதிகமோ அது முதலில் என்ற வரிசையில்தான் அந்தப் பட்டியல் எழுதப்படுகிறது. கடைசியில் இருக்கும் பொருளை முன் அட்டையில் பெரிதாகப் போட்டு 'ரோஸ்மேரி பவர்' என்றால், அந்த பவர் பாட்டிலுக்குள் இருக்கும் எண்ணெய்க்கு.

முடி வளர்ச்சி விஷயத்தில் எல்லா ரீல்ஸும் சுற்றிச் சுற்றி ஒரே ஆய்வில்தான் நிற்கும். 2015-ல் ஈரானைச் சேர்ந்த பனாஹி குழுவினர் வெளியிட்டது. ஆண்களுக்கு வரும் மரபுவழி முடி உதிர்வு உள்ள 100 பேர், 6 மாதம். பாதிப் பேருக்கு ரோஸ்மேரி எண்ணெய், மீதிப் பேருக்கு 2 சதவீத மினாக்ஸிடில். 3 மாதத்தில் இரு தரப்பிலும் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. 6 மாதத்தில் இரண்டிலும் முடி எண்ணிக்கை கூடியது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எதுவுமே தடவாத, அல்லது வெறும் எண்ணெய் தடவிய ஒரு மூன்றாவது குழு அதில் இல்லை. ஒப்பிட்டதும் ஆண்களுக்கு வழக்கமாகத் தரும் 5 சதவீத மினாக்ஸிடிலுடன் இல்லை. ஒரு நம்பிக்கையான ஆரம்பம் என்று சொல்லலாம், அதற்கு மேல் ரீல்ஸ்காரர்கள் சேர்த்தது.

கவனியுங்கள், அந்த ஆய்வில் இருந்தது எண்ணெய். கிரீமிலும் சிப்ஸிலும் இருப்பது எக்ஸ்ட்ராக்ட். ஒன்றின் பலனை இன்னொன்றின் லேபிளுக்குக் கடன் வாங்க முடியாது. எசென்ஷியல் ஆயிலை அப்படியே தலையில் தடவுவதும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் மாதிரி ஏதாவதில் சில சொட்டு கலந்து, முதலில் முழங்கை மடிப்பில் தடவி அரிப்பு வருகிறதா என்று ஒரு நாள் பார்க்க வேண்டும். அதில் கற்பூரம் இருப்பதால் குழந்தைகளுக்கும், வலிப்பு உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் டாக்டரைக் கேட்காமல் கூடாது.

வீட்டில் இப்போது இருக்கும் ஏதாவது ஒரு காரப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். 319-ஆ, 392-ஆ, இரண்டும் இல்லையா? இல்லை என்றால் தயாரித்த தேதியைப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு முன்பு வில்லாபுரத்தில் சுட்டதாக இருந்தால் இன்றே பிரித்துவிடலாம், டிராயரில் வைக்க வேண்டாம்.